பெட்டிக்கு டிக்கெட் இல்லை

வண்டிகளைத் துரத்துவதுதான் என் பிழைப்பு. சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் போக்குவரத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். யார் எந்த கேபில் ஏற வேண்டும், எந்த ஷட்டில் எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும், ஷிப்ட் முடித்த பெண்களை யார் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பதெல்லாம் என் தலையில். வண்டி தாமதமானால் முதல் திட்டு எனக்கு. அதை வாங்கி டிரைவர்களுக்குக் கொடுப்பேன். முதுகுக்குப் பின்னால் அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியும். இங்கே சொல்ல மாட்டேன்.

என் தம்பி கோவளத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். அவன் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான மாமல்லபுரத்துக்குப் போயிருந்தாள். ஏழு மாதம் முடிவதற்குள் வலி வந்துவிட்டது. அங்கேயே ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. என் முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் இருந்தது. இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று சொல்லி உடனே ஆம்புலன்சில் செங்கல்பட்டுக்கு, பச்சைக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தம்பி குழந்தையோடு போனான். தாய் தையலோடு மாமல்லபுரத்தில் படுத்திருந்தாள்.

மறுநாள் அங்கிருந்த டாக்டர் தம்பியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்தக் குழந்தையின் குடல் இன்னும் முதிரவில்லை. பவுடர் பால் கொடுத்தால் தாங்குமா என்று சொல்ல முடியாது. தாய்ப்பால் வேண்டும், கொஞ்சமாக இருந்தாலும் தினமும் வேண்டும், கெடாமல் வந்து சேர வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்களாம். தம்பி இதை எனக்குப் போனில் சொன்னபோது நான் ஒரு கேப் டிரைவரை இன்னொரு போனில் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் போனை வைத்துவிட்டேன். "அனுப்பிடலாம்டா. இது நம்ம வேலைதானே" என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

கார் வைத்து அனுப்பக் கூடாதா என்று கேட்கலாம். ஒரு நாள் அனுப்பலாம். காலையும் மாலையும், எத்தனை நாளைக்கு என்று டாக்டருக்கே தெரியாதபோது, அது எங்கள் வீட்டால் ஆகிற காரியமில்லை. தவிரவும் எங்கள் பக்கத்தில் இது புதிதா என்ன? மறந்து வைத்த கண்ணாடியிலிருந்து மாமியாருக்கு வைத்த மீன்குழம்பு வரை எல்லாமே டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிற ஊர்கள்தான். இன்ன இடத்தில் இன்னார் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொன்னால் போதும்.

முன்பு மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு நேராகப் போகும் பஸ் நிறையவே இருந்தது. இப்போது பாதைகளைப் பிரித்துவிட்டார்கள். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வரை மினி பஸ். அங்கே இறங்கி ஷேர் வேன் பிடித்தால் செங்கல்பட்டு. இரண்டுக்கும் போனில் ஒரே டிக்கெட். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பழைய நேர் பஸ்ஸை நினைத்து ஏங்குகிற ஆள் நானில்லை. அது வந்தால் வந்தது, வராவிட்டால் அந்த நாளே போயிற்று. மினி பஸ் சொன்ன நேரத்துக்கு வருகிறது. ஆனால் எங்கள் அலுவலகத்துக்கு வந்து படம் போட்டுக் காட்டுகிற நிபுணர்கள் 'இணைப்பு' என்று ஒரு சொல்லைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் படத்தில் இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் சேர்ந்துவிடும். நேரில் அந்தப் புள்ளியில் நிழல் கிடையாது, உட்கார இடம் கிடையாது, அடுத்த வண்டி எப்போது கிளம்பும் என்று சொல்ல ஆள் கிடையாது. ஏனென்றால் ஷேர் வேன் நிறைந்தால்தான் கிளம்பும். அது அந்த ஸ்டாண்டின் சட்டம். லைனில் முதலில் நிற்கிற வண்டிதான் ஆள் ஏற்றலாம், அது நிறையாமல் நகரக் கூடாது, நகர்ந்தால் பின்னால் நிற்கிறவன் சண்டைக்கு வருவான்.

நர்சிங் ஹோமில் தடுப்பூசி மருந்து கொண்டுபோகிற பழைய ஐஸ் பெட்டி ஒன்றைக் கொடுத்து உதவினார்கள். வெள்ளைப் பெட்டி, மேலே நீல மூடி. உள்ளே ஐஸ், நடுவில் கொதிக்க வைத்துக் கழுவிய சின்ன பாட்டில். ஐஸ் இருக்கும் வரை பால் கெடாது, ஐஸ் கரைந்து சூடேறினால் ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். மினி பஸ் கண்டக்டரிடம் சம்பந்தியம்மா, அதாவது தம்பி மனைவியின் அம்மா, பெட்டியைக் கொடுப்பார். அவர் திருக்கழுக்குன்றத்தில் லைன் வேனில் ஏற்றுவார். வேன் டிரைவர் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தம்பியிடம் கொடுப்பார். போக்குவரத்து மேஜையில் இத்தனை வருஷம் தேய்த்ததற்கு இந்த வழியைப் போடத் தெரியாதா எனக்கு? போட்டுவிட்டேன்.

சிக்கல் வேறு இடத்தில் ஆரம்பித்தது. பெட்டியில் என்ன என்று கேட்டால் என்ன சொல்வது?

பெட்டி ஏற்பாட்டுக்காக நர்சிங் ஹோமுக்குப் போயிருந்தபோது சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து வராந்தாவின் ஓரத்துக்கு இழுத்துப் போனார்.

"பாலுன்னு மட்டும் வாயத் தொறக்காதம்மா. கண்ணூறு பட்டா மாரு வத்திப் பூடும். அத்தோட ஊரான் ஆம்பளைங்க கையில எம் பொண்ணு பாலுன்னு சொல்லிக் குடுக்கவா? மானம் போற காரியம்."

"பின்ன இன்னான்னு சொல்றது?"

"டெஸ்ட்டுக்குப் போவுதுன்னு சொல்லு. ரத்தம்னு நெனச்சிக்கினு போவட்டும்."

எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் குழந்தை அங்கே காத்திருக்கும்போது கண்ணூறு உண்டா இல்லையா என்று வாதம் செய்ய யாருக்கு நேரம்? பெட்டியும் பார்க்க அப்படித்தான் இருந்தது. டெஸ்ட் என்றே சொன்னோம். மரியாதையாகவும் எடுத்துக்கொண்டார்கள். கண்டக்டர் அதைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், யாரையும் தொட விடவில்லை. முதல் இரண்டு தடவை ஐஸ் கட்டியாகவே இருக்க, பெட்டி தம்பி கைக்குப் போய்ச் சேர்ந்தது. குழந்தைக்குக் குழாய் வழியாகப் பால் போகிறது, வாந்தி எடுக்கவில்லை என்று தம்பி சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் பெட்டி ஏறிவிட்டது என்று சம்பந்தியம்மா போன் செய்தார். நான் என் திரைக்குத் திரும்பினேன். எங்கள் கம்பெனி வண்டிகள் எல்லாம் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்று நாவலூரில் நிற்கிறது, ஒன்று கேளம்பாக்கம் திருப்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாம் தெரிகிறது. பெட்டி போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் வந்தது, தாண்டியது. தம்பி போன் செய்யவில்லை. நான் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

கண்ணாடிப் பெட்டி அறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வெளியே காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஏதோ கையெழுத்துக்குக் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்து என்றால் எதற்குக் கையெழுத்து என்ற எண்ணமும் கூடவே வந்தது. அதைத் தள்ளிவிட்டு மினி பஸ் கண்டக்டரைப் பிடித்தேன்.

"வேன்ல குடுத்துட்டேனேக்கா. அப்பவே கெளம்பிச்சு."

"எந்த வேன்?"

"லைன்ல மொதல்ல நின்ன வண்டி. நம்பர்லாம் யாருக்கா பாக்கறா?"

"டிரைவர் பேரு?"

"புது ஆளுக்கா. மூஞ்சி தெரியும், பேரு தெரியாது."

என் போனில் அந்த ஒரே டிக்கெட் செயலி இருந்தது. அந்த வேனில் நான் ஏறியிருந்தால் வண்டி எண்ணைக் காட்டியிருக்கும், டிரைவர் முகத்தைக் காட்டியிருக்கும், இப்போது எந்த மைல்கல்லில் இருக்கிறேன் என்று காட்டியிருக்கும். ஆனால் பெட்டி டிக்கெட் வாங்கவில்லை. டிக்கெட் வாங்காதது எங்கே போனது என்று எந்தத் திரையிலும் தெரியாது. ஊரில் ஓடுகிற அத்தனை கேபும் என் கண்முன் ஓட, எனக்கு வேண்டிய ஒரே ஒரு பாட்டில் மட்டும் காணாமல் போயிருந்தது. அந்தத் திரையைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது.

தம்பி வெளியே வந்து போனைப் பார்த்தபோது ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. டாக்டர் பேசக் கூப்பிட்டாராம், குழந்தைக்கு மூச்சு கொஞ்சம் தடுமாறியதாம், இப்போது பரவாயில்லையாம்.

"பெட்டி வந்துச்சா?"

"இல்லியேக்கா. நான் வாசல்ல இல்லாதப்ப வந்து திரும்பிப் போயிட்டானா?"

"தேடு. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடு. வெள்ளைப் பெட்டி, நீல மூடி, எவன் கையில பாத்தாங்கன்னு எல்லாரையும் கேளு."

அவன் ஓடினான். போனை வைக்கச் சொல்லவில்லை நான், அவனும் வைக்கவில்லை. அவன் மூச்சிரைப்பும் ஹாரன்களும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஆட்டோக்காரர்களைக் கேட்டான், பூக்காரியைக் கேட்டான். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் ஜூஸ் கடை வைத்திருந்தவர்தான் சொன்னார்: ஒரு வேன்காரர் வெள்ளைப் பெட்டியோடு வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், வேனில் ஆட்கள் கத்தினார்கள், பிறகு பக்கத்தில் இருக்கிற லேபுக்குள் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ரத்தம் பரிசோதிக்கிற லேப். டெஸ்ட்டுக்குப் போகிற பெட்டியை வேறு எங்கே கொடுப்பார் அந்த மனிதர்?

அங்கே இருந்த பெண் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். ரத்தக் குழாயும் இல்லை, சீட்டும் இல்லை, ஒரு பாட்டில் பால். பால் கலப்படம் பார்க்க யாரோ அனுப்பியிருக்கிறார்கள், அது இங்கே செய்வதில்லையே என்று பெட்டியைத் திறந்தபடியே ஜன்னலோரம் ஒதுக்கி வைத்துவிட்டாள். அவளை என்ன சொல்ல முடியும்? அந்த ஜன்னலில் வெயில் விழுந்தது.

தம்பி பெட்டியை வாங்கிக்கொண்டு குழந்தைகள் பிரிவுக்கு ஓடினான். போன் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"ஐஸ் எல்லாம் தண்ணியாப் பூட்ச்சிக்கா. நர்ஸம்மா தொட்டுப் பாத்தாங்க. என் கண்ணெதிர்லயே கை கழுவுற தொட்டில ஊத்திட்டாங்க."

நான் எழுந்து மாடிப்படிப் பக்கம் போனேன். என் பக்கத்து மேஜைப் பையன் ஏதோ கேட்டான், கையைக் காட்டி நிறுத்தினேன். எவ்வளவு வலியோடு எடுத்த பால் அது. பச்சைத் தையலோடு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பிழிந்தால் பாட்டிலின் அடி நனையும். அதைக் கையால் எடுத்துத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றியதுதான் சரி என்பதும் எனக்குத் தெரிந்தது. அதனால் திட்ட ஆளில்லாமல் போயிற்று. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"இப்போதைக்கு டிரிப்ஸ்லயே வெச்சிக்கலாம்னாரு. சாயங்காலத்துக்குள்ள பால் வரணும்னாரு."

தம்பி மனைவிக்கு நான்தான் போன் செய்தேன். அம்மா எடுத்தால் பேசவே விடமாட்டார் என்று பயந்தேன், நல்லவேளை அவளே எடுத்தாள். சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை.

"எவ்ளோ நேரத்துல வந்து எடுத்துப்பீங்கக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அரை நாள் விடுப்பு என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது பாட்டில் தயாராக இருந்தது. காலையில் எடுத்ததில் பாதி கூட இல்லை. ஐஸைப் புதிதாக நிரப்பி மூடினேன். சம்பந்தியம்மா பின்னாலேயே வந்து, "டெஸ்ட்டுன்னே சொல்லும்மா" என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். பதில் சொல்லியிருந்தால் அது நல்ல பதிலாக இருந்திருக்காது.

கார் பிடிக்கத்தான் முதலில் பார்த்தேன். சனிக்கிழமை, கடற்கரைக் கோவில் பக்கம் எள் போட்டால் விழாத கூட்டம். போனில் ஒரு கார் ஒப்புக்கொண்டது, செங்கல்பட்டு என்று தெரிந்ததும் ரத்து செய்தது. திரும்பி வரும்போது காலியாக வர வேண்டும் என்று அவருக்குக் கணக்கு. இன்னொன்று தேடுகிறது, தேடுகிறது, தேடிக்கொண்டே இருக்கிறது. எதிரில் மினி பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் டிக்கெட் வாங்கியதால் என் போன் சந்தோஷமாக என்னைக் காட்டிக்கொண்டு வந்தது.

திருக்கழுக்குன்றத்தில் லைனில் முதலில் நின்ற வேனில் சில பேர்தான் இருந்தார்கள். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். டிரைவர் இறங்கி நின்று, "செங்கல்பட்டு, செங்கல்பட்டு" என்று கூவிக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மூடியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சி இருந்தது. இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

"அண்ணா, கெளம்புங்க. அவசரம்."

"ஆளு நெறையட்டும்மா. லைன் வண்டி. இப்ப எடுத்தா அடிக்க வருவானுங்கோ."

அப்போதுதான் அவர் என் மடியைப் பார்த்தார். "அட, இந்தப் பெட்டியா? காலைல நான்தான் கொண்டுபோயி லேப்ல குடுத்தேன். வாங்கிக்கினாங்களா?"

"நீங்கதானா? ஆஸ்பத்திரி வாசல்ல ஆள் நிப்பாரு, அவர் கையில குடுன்னுதானே சொன்னாங்க? லேப்ல எதுக்குக் குடுத்தீங்க?"

"இன்னாம்மா இது? வாசல்ல யாரும் இல்ல. வண்டியில ஜனம் கத்துது. டெஸ்ட்டுன்னு சொல்லிக் குடுத்தாங்க. டெஸ்ட்ட லேப்ல குடுக்காம டீக்கடையிலயா குடுப்பாங்க? நான் அப்பிடியே உட்டுட்டுக்கூட வரல, எறங்கிப் போயி கையிலதான் குடுத்தேன். அப்பிடி அதுல இன்னாதான் கீது?"

வேனில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்களோ அதைச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், கோபத்தில் என் குரல் அப்படித்தான் வரும்.

"தாய்ப்பால். ஏழு மாசத்துல பொறந்த கொழந்த அங்க குழாயோட படுத்துக் கெடக்குது. காலைல வந்த பாலு லேப்ல வெயில்ல கெட்டு, தொட்டில ஊத்திட்டாங்க. இப்ப இருக்கிறது இது ஒண்ணுதான். இதுவும் கெட்டா அந்தக் கொழந்தைக்கு இன்னிக்கு ஒண்ணும் கிடையாது. போதுமா?"

டிரைவர் முகம் மாறியது. வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அவருக்கு என்மேல் கோபம்தான் வந்தது.

"ஏம்மா, இத காலைலயே சொல்றதுக்கு இன்னா கேடு? சொல்லி இருந்தா அந்த வார்டு வாசல்ல வண்டிய வெச்சிக்கினு நின்னுருப்பேனே! எனக்குப் புள்ள குட்டி இல்லியா? பொய்யச் சொல்லிக் கையில குடுத்துட்டு, இப்ப வந்து என்னக் கேக்கற!"

பின்சீட்டில் கூடையோடு இருந்த அம்மாள், "அத அப்பறம் பேசு நைனா, மொதல்ல வண்டிய எடு" என்றாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். பின்னால் நின்ற வேன்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். "இன்னா மச்சான், காலியா எடுக்கற? ரூல்ஸு இன்னா?" என்றார். எங்கள் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "கொழந்தைக்குப் பாலு போவுது, நவுறு" என்றார். அந்த ஆள் கதவை விட்டு நகர்ந்துவிட்டார்.

வழியில் கை காட்டியவர்களுக்கெல்லாம் அவர் நிறுத்தவில்லை. வேனில் இருந்த யாருக்கும் நடுவில் இறங்க வேண்டியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை. செங்கல்பட்டு ஏரிக்கரையில் நெரிசலில் நின்றபோது, எல்லாரும் ஒருவர் மாற்றி ஒருவர் என் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐஸ் பாதி இருந்தது. நர்ஸ் பாட்டிலைத் தொட்டுப் பார்த்து, தலையாட்டி, உள்ளே எடுத்துப் போனார். தம்பி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"அம்மா எப்ப வருவாங்க?"

"ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. எங்க வூட்ல நாப்பது நாள் வெளிய அனுப்ப மாட்டாங்க."

"இந்தப் புள்ள நாப்பது நாளு காத்துனு இருக்குமா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "பாலு கொறைஞ்சிக்கினே வருது, பாக்கறீங்கல்ல? பாட்டில்ல கொண்டாந்து எத்தினி நாளு ஓட்டுவீங்க? அம்மா வந்து நெஞ்சு மேல வெச்சிக்கணும். புள்ளைக்கும் சூடு கெடைக்கும், அவங்களுக்கும் பாலு ஊறும். இங்கயே தங்க எடம் கீது. மத்த அம்மாங்கல்லாம் இல்ல?"

பக்கத்து அறையில் நைட்டி போட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. பாட்டிலுக்கு வழி போட்டேன், பெட்டிக்கு ஆள் போட்டேன், தாயைக் கொண்டுவர ஒரு வழி வேண்டும் என்று யாருமே பேசவில்லையே.

மாலையில் மாமல்லபுரத்துக்குப் போன் செய்து நர்ஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். தம்பி மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள், அதற்குள் சம்பந்தியம்மா போனைப் பிடுங்கிவிட்டார்.

"பச்ச ஒடம்புக்காரிய வேன்ல ஏத்திக் குலுக்கினு போவச் சொல்றியா? தையல் பிரிஞ்சா யாரு பதில் சொல்றது? நீ புள்ள பெத்திருந்தா இப்பிடிப் பேச மாட்ட."

அது என்னைத் தைத்தது. அவருக்குத் தெரிந்தே சொன்னார். நானும் சும்மா விடவில்லை, சொல்லக் கூடாத இரண்டு வார்த்தை சொன்னேன். கடைசியில், நாளைக் காலையும் நானே வந்து பால் எடுத்துப் போகிறேன் என்று முடிவானது. வேன் டிரைவரின் எண் இப்போது என்னிடம் இருந்தது. ஐஸ் பெட்டி வருகிறது, லைனில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலையில் நான் நர்சிங் ஹோமுக்குள் நுழைந்தபோது சம்பந்தியம்மா அறை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே கட்டில் காலி. டிஸ்சார்ஜ் கையெழுத்துக்காக அவர் கீழே போயிருந்தாராம், திரும்பி வந்தால் பெண்ணைக் காணோம். செருப்பு இல்லை, புர்கா இல்லை. ஐஸ் பெட்டி மேஜைமேல் மூடியபடி இருந்தது. திறந்து பார்த்தேன். ஐஸ் இருந்தது, பாட்டில் காலியாக இருந்தது.

அவள் போனை எடுத்துப் போகவில்லை. கட்டில் பக்கத்திலேயே கிடந்தது.

ஒரு கையில் பெட்டியும் மறு கையில் சம்பந்தியம்மாவின் கையுமாகப் படி இறங்கினேன். அவர் வாயிலிருந்து திட்டும் துஆ வேண்டுதலும் மாறி மாறி வந்தன. கடல் எந்தப் பக்கம் என்று என் கண் தானாகப் போனது, அதைத் திருப்பினேன். பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தவர் யாருமில்லை. முந்தைய மினி பஸ் போய் அரை மணி ஆகியிருந்தது. அந்தக் கண்டக்டருக்குப் போட்டேன், தொடர்பு கிடைக்கவில்லை. வேன் டிரைவருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். தம்பிக்குப் போட்டேன், மணி அடித்தது, அவன் போன் காவலாளியிடம் இருக்கும். அடுத்த மினி பஸ் வந்ததும் இருவரும் ஏறினோம். மூன்று நாள் தையல். எங்காவது நடுவழியில் மயங்கி விழுந்திருந்தால்? கையில் போன்கூட இல்லாமல், யாருக்குத் தெரியும் அவள் யார் என்று?

சம்பந்தியம்மா என் தோளில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தார். நேற்றைய சண்டையை இருவரும் மறந்துவிட்டிருந்தோம்.

திருக்கழுக்குன்றம் வருவதற்கு முன்பே என் போன் அடித்தது. வேன் டிரைவர்.

"வண்டி ஓட்டிக்கினு இருந்தேன்க்கா, எடுக்க முடியல. போயி சேந்துடுச்சு."

"எது போய்ச் சேந்துது? பெட்டி என் மடியிலதான் இருக்கு!"

"பெட்டி இல்லக்கா. புள்ளையோட அம்மா. மினி பஸ்லேர்ந்து எறங்கி வயித்தப் புடிச்சிக்கினு நின்னுச்சு. நேத்து பாலு அனுப்புனது நான்தான்னு சொல்லிச்சு. வார்டு வாசல் வரைக்கும் உட்டுட்டு, உங்க தம்பி கையில ஒப்படைச்சிட்டு, இன்னும் இங்கதான் நிக்கறேன். இப்ப புள்ளய நெஞ்சு மேல வெச்சிருக்காங்களாம். உங்க தம்பி வெளிய வந்து அழுவுறாரு."

போனை சம்பந்தியம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் காதில் அழுத்திக்கொண்டார். அல்லாவே என்றார். பிறகு, திட்டுவார் என்று நான் நினைத்த அந்த மனிதரிடம், மெதுவாக ஒன்று கேட்டார்.

"எம் பொண்ணு ஒக்காந்துகினு வந்துச்சா, நெருக்கத்துல இடிபட்டுக்கினு வந்துச்சாப்பா?"

பதில் எனக்கும் கேட்டது.

"நெருக்கமாம்மா? நடுசீட்டு பூரா படுத்துனு வந்துச்சு. பாலு அனுப்புன அம்மான்னு தெரிஞ்சதும் வண்டியில வேற ஒருத்தரும் ஏறல."